ஒளி பட்டால் சுழலும் மூலக்கூறுகள்: எப்படி, எதற்கு?

ஒரு திரவத்துக்குள் இருக்கும் எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. உருளுகிறது, அதிர்கிறது, தன் ஒற்றைப் பிணைப்புகளைச் சுற்றி நொடிக்குக் கோடிக்கணக்கான முறை இப்படியும் அப்படியும் திரும்புகிறது, அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. ஆக, மூலக்கூறு அளவில் அசைவுக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் திசைக்குத்தான். வலப்பக்கம் எத்தனை முறை திரும்புகிறதோ அத்தனை முறை இடப்பக்கமும் திரும்பினால் கூட்டிக் கழித்து மிஞ்சுவது ஒன்றுமில்லை, அதை வைத்து எந்த வேலையும் வாங்க முடியாது. வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தால் தன் ஒரு பகுதியை இன்னொரு பகுதியைப் பொறுத்து நாம் விரும்பும் விதத்தில் நகர்த்தும்படி வடிவமைத்த மூலக்கூறைத்தான் வேதியியலாளர்கள் மூலக்கூறு இயந்திரம் என்கிறார்கள். அந்த ஆற்றல் ஒளியாக வந்தால், அது ஒளியால் இயங்கும் மூலக்கூறு இயந்திரம்.

இவற்றின் அளவு ஏறக்குறைய 1 நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் நமக்குப் பழகிய இயக்கவியல் கைகொடுக்காது. மிதிவண்டியை மிதிப்பதை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் ஓடும், அதற்குக் காரணம் அதன் உந்தம். மூலக்கூறைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஒரு பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினாலே, அது சறுக்கிச் செல்லும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. மூலக்கூறுக்கு அதுவும் இல்லை. தள்ளுவது நின்ற கணமே அந்தத் திசை மறந்துபோகும், அப்புறம் சுற்றியிருக்கும் திரவம் அதை இஷ்டத்துக்கு உலுக்கும்.

சரி, அந்த உலுக்கலையே ஒரு பக்கமாகத் திருப்பிவிட முடியாதா? இதை ஒருவர் செய்து பார்த்தே விட்டார். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் ராஸ் கெல்லி என்ற வேதியியலாளர், மூன்று இதழ் கொண்ட ஒரு சக்கரத்தையும் அதன் பல்லில் மாட்டும் ஒரு வளைந்த நாக்கையும் ஒரே மூலக்கூறுக்குள் பொருத்தினார். பார்த்தால் ஒருபக்கம்தான் சுழலும் போலத் தோன்றும். ஆனால் வெறும் வெப்பத்தில் அது இரு பக்கமும் சமமாகவே சுழன்றது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வதும் அதைத்தான்: எல்லா இடத்திலும் ஒரே வெப்பநிலை இருந்தால், எவ்வளவு சாமர்த்தியமான வடிவம் செய்தாலும் வெப்பத்திலிருந்து மட்டும் திசையுள்ள அசைவைப் பிழிய முடியாது. வெளியிலிருந்து ஆற்றல் வந்தே ஆக வேண்டும். அந்தச் சோதனை இந்தத் துறைக்கு மிகவும் தேவையான ஒன்று என்பது என் எண்ணம், ஏனென்றால் வடிவம் ஒரு பாதி, ஆற்றல் மறு பாதி என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆற்றலை வேதிப்பொருளாகக் கொடுக்கலாம், மின்சாரமாகக் கொடுக்கலாம். ஒளியைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. வேதி எரிபொருள் கொடுத்தால் எரிந்து முடிந்த கழிவு கரைசலில் சேர்ந்துகொண்டே போகும், ஒளி எதையும் விட்டுச் செல்வதில்லை. விளக்கை அணைத்தால் அடுத்த கணமே நின்றுவிடும். லென்ஸ் வைத்துக் குவித்தால் ஒரு செல்லின் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுக்கலாம். நிறத்தை மாற்றி, ஒரே கரைசலில் இருக்கும் இரண்டு வேறு மூலக்கூறுகளில் ஒன்றை மட்டும் தட்டி எழுப்பலாம். இதோடு ஆற்றலின் அளவையும் பாருங்கள். 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியின் ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், சுமார் 3.4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கொண்டுவருகிறது. அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறுக்கு வெப்ப உலுக்கலால் கிடைப்பது ஏறக்குறைய 0.025 எலக்ட்ரான் வோல்ட். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம், அதுவும் ஒரே அடியில் ஒரே மூலக்கூறுக்கு.

அந்த அடி மூலக்கூறுக்குள் என்ன செய்கிறது? இரண்டு அணுக்களுக்கு நடுவே இருக்கும் இரட்டைப் பிணைப்பு சாதாரணமாகத் திரும்பாது, விறைப்பாக இருக்கும். ஃபோட்டானை விழுங்கியதும் ஓர் எலக்ட்ரான் வேறு நிலைக்குத் தாவுகிறது, பிணைப்பின் இரண்டாம் பகுதி கொஞ்ச நேரத்துக்கு இல்லாதது போல் ஆகிறது, அந்த இடைவெளியில் மூலக்கூறு திரும்பிவிடுகிறது. இதற்கு மிக எளிய உதாரணம் அசோபென்சீன். இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே இரட்டைப் பிணைப்பில் இரண்டு நைட்ரஜன், அவ்வளவுதான். நேராக நீண்டிருக்கும் அதன் மேல் புற ஊதா ஒளி பட்டால் நடுவில் மடங்கிக்கொள்கிறது, முனைக்கு முனை நீளம் சுமார் 0.9 நானோமீட்டரிலிருந்து 0.55 ஆகக் குறைகிறது. நீல ஒளி பட்டாலோ கொஞ்சம் சூடு காட்டினாலோ மறுபடி நேராகிவிடும். ஒளி அதை இப்படி மடக்குகிறது என்பது 1937-லேயே கண்டறியப்பட்ட விஷயம்.

ஆனால் அசோபென்சீன் மோட்டார் இல்லை, ஸ்விட்ச். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மடங்கும்போது செய்ததை, நிமிரும்போது பின்னோக்கிச் செய்துவிடுகிறது. மடங்கும்போது அது எதையாவது இழுத்திருந்தால், நிமிரும்போது அதே இடத்துக்குத் தள்ளிவிடும். மோட்டார் என்றால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தொடக்க நிலைக்கு வர வேண்டும், வந்த வழியே திரும்பாமல் வர வேண்டும், அடுத்த சுற்றையும் அதே திசையில் தொடங்க வேண்டும்.

இதை ஒளியால் முதலில் சாதித்தவர் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் ஃபெரிங்காவும் அவர் குழுவும். ஆண்டு 1999. அவர்களுடைய மூலக்கூறில் ஒரு கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு நடு அச்சாக நிற்கிறது, அதன் இரு பக்கமும் பருமனான வளையக் கூட்டங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தட்டையாக இருக்க இடம் போதாது, ஒன்றையொன்று இடிக்கும், எனவே ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழுமாகத் திருகிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு பாதியிலும் ஒரு சிறிய மெத்தில் குழு (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) ஒட்டியிருக்கிறது. மொத்த ரகசியமும் அந்த மெத்திலில் இருக்கிறது.

நான்கு படிகள். முதல் படியில் ஒளி படுகிறது, ஒரு பாதி மற்றதைப் பொறுத்து ஏறக்குறைய அரைச்சுற்றுத் திரும்புகிறது. திரும்பிய நிலையில் மெத்தில் குழுக்கள் வசதியில்லாத ஓர் இடுக்கில் மாட்டிக்கொள்கின்றன, மூலக்கூறு இறுக்கமாக, சங்கடமாக இருக்கிறது. இரண்டாம் படியில் ஒளிக்கு வேலையில்லை: சுற்றியிருக்கும் வெப்ப உலுக்கல் போதும், இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று உரசிக் கடந்து மறுபக்கம் போகின்றன, மெத்திலுக்கு வசதியான இடம் கிடைத்துவிடுகிறது. இங்கேதான் திசை தீர்மானமாகிறது. சங்கடமான நிலையிலிருந்து வசதியான நிலைக்கு இறங்குவது எளிது, வெறும் வெப்பத்தை வைத்துத் திரும்ப ஏறுவது கிட்டத்தட்ட நடக்காது. மிதிவண்டியின் பின்சக்கரத்தில் பின்பக்கமாகப் போகவிடாமல் பிடிக்கும் அந்தப் பல் செய்யும் வேலையை இங்கே ஒரு மெத்தில் குழுவின் நெருக்கடி செய்கிறது. மூன்றாம் படியில் மறுபடி ஒளி, நான்காம் படியில் மறுபடி வெப்பம், முழுச் சுற்று முடிந்தது. ஒளி தொடர்ந்து விழுந்தால் அதே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். இதே மூலக்கூறின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தைத் தயாரித்தால் அது எதிர்த்திசையில் சுற்றும்.

கெல்லியின் சக்கரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது தெரியும். இரண்டிலும் வெப்ப உலுக்கல் இருக்கிறது. ஆனால் இங்கே உலுக்கல் வருவதற்கு முன்பே ஒளி மூலக்கூறை ஒரு மேட்டில் ஏற்றி வைத்துவிடுகிறது, எந்தப் பக்கம் சரிவு என்பதை மூலக்கூறின் வடிவம் முடிவு செய்கிறது, வெப்பம் வெறுமனே உருட்டிவிடுகிறது. செலவுக்கணக்கை ஒளி கட்டிவிட்டதால் இரண்டாம் விதிக்கு எந்தப் பங்கமும் இல்லை. கெல்லியும் பின்வாங்கவில்லை, வேதிப்பொருளின் ஆற்றலைக் கொண்டு தன் மூலக்கூறை ஒரே திசையில் 120 பாகை திருப்பிக் காட்டினார், அந்தக் கட்டுரையும் ஃபெரிங்காவின் கட்டுரையும் நேச்சர் ஆய்விதழின் ஒரே இதழில் வெளியாயின.

முதல் மோட்டார் மெதுவானது. அதன் வெப்பப் படிகளில் ஒன்று நடக்க 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருந்தது. ஒளிப் படி ஒரு நொடியின் மிக மிகச் சிறு பங்கில் முடிந்துவிடும், காத்திருக்க வைப்பது வெப்பப் படிதான், எனவே வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அந்த உரசலைக் குறைக்க வேண்டும். வளையங்களின் அளவையும் வடிவத்தையும் மாற்றி மாற்றி, 2014-இல் நொடிக்கு 1.2 கோடி சுற்றுகள் போகக்கூடிய மோட்டார் வரை அந்தக் குழு வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை ஃபெரிங்காவுடன் பகிர்ந்துகொண்டவர்கள் இருவர்: சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளைய மூலக்கூறுகளை 1983-இல் எளிதாகச் செய்ய வழிகண்ட ஜான்-பியர் சொவாஜ், ஓர் அச்சில் கோத்த வளையம் இங்கும் அங்கும் ஓடும் மூலக்கூறை 1991-இல் செய்த ஃப்ரேசர் ஸ்டோடார்ட்.

மனிதர்கள் இதைச் செய்வதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் செய்துவிட்டன. இதைப் படிக்க உங்களுக்கு உதவிக்கொண்டிருப்பதே ஒளியால் இயங்கும் ஒரு மூலக்கூறு ஸ்விட்ச்தான். விழித்திரையில் ரெட்டினல் என்ற மூலக்கூறு வளைந்த நிலையில் ஒரு புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஃபோட்டான் பட்டதும் சுமார் 200 ஃபெம்டோநொடியில் நிமிர்கிறது, அந்த நிமிர்வு புரதத்தை அசைத்து நரம்புச் சமிக்ஞையைத் தொடங்கி வைக்கிறது. (ஒரு நொடியில் 1000 லட்சம் கோடி ஃபெம்டோநொடிகள்.) உப்பு மிகுந்த நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் ஒருபடி மேலே போய், அதே ரெட்டினலை வைத்துப் புரோட்டான்களைச் செல்லுக்கு வெளியே ஒரே திசையில் இறைக்கும் பம்பையே கட்டியிருக்கின்றன. அதற்கு பாக்டீரியோரோடாப்சின் என்று பெயர், 1970-களின் தொடக்கத்தில் அடையாளம் கண்டார்கள்.

இனி பயன்பாடு. எனக்கு இதில் மிகவும் நம்பிக்கை தருவது மருத்துவம், அதிலும் மருந்தை ஒளியால் இயக்கும் முயற்சி. பல மருந்துகளின் சிக்கல் என்னவென்றால் அவை வேண்டிய இடத்தில் மட்டும் அல்ல, உடல் முழுவதும் வேலை செய்கின்றன. மருந்தின் மூலக்கூறுக்குள்ளேயே அசோபென்சீன் போன்ற ஸ்விட்சைப் பின்னிவிட்டால், ஒரு வடிவத்தில் அது புரதத்தில் பொருந்தாது, ஒளி பட்டு மடங்கிய வடிவத்தில் மட்டும் பொருந்தும். 2015-இல் டிர்க் ட்ராவ்னர் உள்ளிட்டோர், செல் பிரிவதைத் தடுக்கும் ஒரு மருந்து வகையை இப்படி மாற்றிக் காட்டினார்கள்: ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நீல ஒளி பட்ட இடத்தில் செல்பிரிவு நின்றது, பச்சை ஒளி காட்டியதும் தடை விலகியது.

கண்ணுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் கண்ணுக்குள் ஒளி தானாகவே போகும், எந்தக் குழாயும் கம்பியும் வேண்டாம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயில் ஒளியை உணரும் செல்கள் அழிந்துவிடுகின்றன, ஆனால் அவற்றுக்கு அடுத்த கட்டத்தில் உள்ள நரம்புச் செல்களில் பல உயிரோடு இருக்கின்றன. அந்த நரம்புச் செல்களின் அயனிக் கதவுகளை (மின்னூட்டமுள்ள அணுக்கள் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் போகும் வழிகளை) அசோபென்சீன் மூலக்கூறால் அடைத்துவைத்து, ஒளி பட்டால் திறக்கும்படி செய்தால் அவையே ஒளியை உணரத் தொடங்கும். 2012-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ரிச்சர்ட் க்ரேமரின் குழு பார்வையிழந்த எலிகளில் இப்படி ஒளிக்கு எதிர்வினை வரவைத்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மூலக்கூறு இப்போது மனிதர்களிடம் தொடக்கநிலைச் சோதனை வரை வந்திருக்கிறது. மரபணுவைத் தொடாமல், கண்ணுக்குள் ஓர் ஊசி மூலம் இதைச் செய்யப் பார்க்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியமானது. மருந்து கொஞ்ச நாளில் கரைந்துபோகும் என்பது குறைபோலத் தோன்றலாம், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிட முடியும் என்ற பாதுகாப்பும் அதிலேயே இருக்கிறது.

செய்திகளில் அதிகம் அடிபடுவது வேறொன்று: செல்லைத் துளைக்கும் மோட்டார்கள். 2017-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டூரும் கூட்டாளிகளும், நொடிக்கு 20 முதல் 30 லட்சம் முறை சுழலும் மோட்டார்கள் புற ஊதா ஒளியில் செல்லின் வெளிச்சவ்வைத் திறந்துவிடுவதைக் காட்டினார்கள். மெதுவாகச் சுழலும் மோட்டாருக்கு அந்தத் திறன் இல்லை. ஐந்தாண்டு கழித்து, கண்ணுக்குத் தெரியும் ஊதா-நீல ஒளியிலேயே இயங்கி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைச் சில நிமிடங்களில் கொல்லும் மோட்டார்களை அதே ஆய்வகம் வெளியிட்டது. பாக்டீரியாவின் சவ்வை இயந்திர முறையில் கிழித்தால் அதற்கு எதிர்ப்புத்திறன் வளர்ப்பது கடினம் என்பது இதன் பின்னாலுள்ள சிந்தனை. காயம், தோல் தொற்று போல ஒளி எளிதாக எட்டும் இடங்களுக்கு இது பொருத்தமாக இருக்கும். ஆனால் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தலைப்புப் போடுவது பெரிய தாவல். ஆய்வகத் தட்டில் இருக்கும் செல்களுக்கும் ஒரு மனித உடலுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது.

புதுப் பொருள்களை உருவாக்கும் ஆய்வில் கேள்வி வேறு மாதிரி: இத்தனை சிறிய அசைவைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எப்படிப் பெருக்குவது? 2006-இல் ஃபெரிங்கா குழு திரவப் படிகப் படலத்தில் மோட்டார் மூலக்கூறுகளைச் சிறிதளவு கலந்து, அதன் மேல் 28 மைக்ரோமீட்டர் நீளக் கண்ணாடிக் குச்சி ஒன்றை வைத்து ஒளி காட்டியது. மோட்டார்கள் திரும்பத் திரும்ப, திரவப் படிகத்தின் அடுக்கு முழுவதும் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது, மோட்டார் மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய அந்தக் குச்சி சுழன்றது. அதற்கு முந்தைய ஆண்டு எடின்பரோவில் டேவிட் லீயின் குழு, ஒளிபட்டால் வளையம் நகரும் மூலக்கூறுகளை ஒரு பரப்பில் பூசி, ஒரு துளி திரவத்தை 12 பாகைச் சரிவில் மேல்நோக்கி ஏற வைத்திருந்தது. ஸ்ட்ராஸ்பூரில் நிகோலா ஜுசெப்போன் எடுத்த வழி இன்னும் நேரடியானது: பாலிமர் சங்கிலிகளை மோட்டாரோடு கட்டிவிட்டால், மோட்டார் சுழலும்போது சங்கிலிகள் முறுக்கிக்கொண்டே போகும், ஜெல் மொத்தமும் சுருங்கும். 2015-இல் அவர்கள் காட்டிய சுருக்கம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. முறுக்கியதைப் பிரிக்க வேறொரு நிற ஒளிக்கு இயங்கும் தனிப் பகுதியை அப்புறம் சேர்த்தார்கள். ஸ்விட்சால் செய்ய முடியாததும் மோட்டாரால் மட்டும் முடிவதும் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஜெல்லைத்தான் காட்டுவேன், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றின் வேலையும் முந்தைய சுற்றோடு சேர்ந்துகொண்டே போகிறது.

வேதித் தொழிலில் ஒரு சின்ன, அழகான பயன்பாடு இருக்கிறது. பல மருந்து மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு, உடலில் இரண்டும் வேறுவிதமாக வேலை செய்யும். 2011-இல் ஃபெரிங்கா குழு மோட்டாரையே வினையூக்கியாக்கியது: சுழற்சியின் ஒரு நிலையில் நிறுத்தினால் ஒரு கை வடிவம் அதிகம் வரும், இன்னொரு நிலையில் மற்றக் கை, வேறொரு நிலையில் இரண்டும் கலந்து வரும்.

ஆற்றல் துறையிலும் இதன் நெருங்கிய உறவினர் ஒன்று இருக்கிறது. நார்போர்னடையீன் என்ற மூலக்கூறு ஒளியை விழுங்கி, இறுக்கமான வேறொரு வடிவத்துக்கு மாறி அப்படியே நிற்கும். தேவைப்படும்போது ஒரு வினையூக்கியைத் தொடவைத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பி, சேர்த்து வைத்ததை வெப்பமாகக் கொடுக்கும். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் காஸ்பர் மொத்-பவுல்சன் குழு இதை வைத்துத் திரவத்தின் வெப்பநிலையை 63 டிகிரி உயர்த்திக் காட்டியிருக்கிறது, சில வடிவங்கள் ஆற்றலைப் பல ஆண்டுகள் பிடித்து வைக்கும் என்றும் கணித்திருக்கிறார்கள்.

தடைகளும் சிறியவை அல்ல. பழைய மோட்டார்களுக்குத் தேவையான புற ஊதா ஒளி டி.என்.ஏ-வைச் சிதைக்கும், தோலுக்குக் கீழே அதிக ஆழமும் போகாது. அதனால்தான் சிவப்பு, அகச்சிவப்பு பக்கம் நகர இத்தனை பேர் உழைக்கிறார்கள், ஆனால் சிவப்பு ஃபோட்டானில் ஆற்றல் குறைவு, அதற்கேற்ப மூலக்கூறை மாற்றினால் சுழற்சி கெட்டுப்போகும் அபாயம் உண்டு. விழுங்கிய ஃபோட்டான்களில் கணிசமான பங்கு சுழற்சியைத் தராமல் வெறும் சூடாகப் போகிறது. நீண்ட நேரம் ஒளியில் இருந்தால் மூலக்கூறுகளில் சில உடைந்தும் போகும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, கோடானுகோடி மோட்டார்களை ஒரே முகமாக அடுக்கி ஒன்றாக உழைக்க வைப்பது. கரைசலில் தனித்தனியே சுழலும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், அவற்றின் உழைப்பு ஒன்றுசேராது.

இனி இந்தத் துறை பற்றி ஏதாவது செய்தி கண்ணில் பட்டால் சில விஷயங்களைத் தேடிப் பாருங்கள். அது ஸ்விட்சா, மோட்டாரா? என்ன நிற ஒளி, அந்த ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகுமா? சோதனை கரைசலிலா, ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லிலா, விலங்கிலா, மனிதரிடமா? செல் இறந்தது என்றால் அது சுழற்சியாலா, அல்லது ஒளி உண்டாக்கிய சூட்டாலோ நச்சு ஆக்ஸிஜனாலோ என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் தேடும்போது, அதே மூலக்கூறின் சுழலாத அல்லது மெதுவாகச் சுழலும் வடிவத்தையும் ஒப்பிட்டுச் சோதித்தார்களா என்று கவனியுங்கள்.